குடைக்கு எப்படித் தெரியும்?

(சங்கத்தின் நூற்றாண்டு விழா இலக்கிய அமர்வில், பழைய மாணவிகள் ஐவர் கொண்ட எழுத்து வட்டத்தின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



கதை எழுதுவதில் உள்ள சிரமங்களைப் பற்றிப் பேசும்படி சங்கம் எங்களைக் கேட்டது. நாங்கள் பெரிய எழுத்தாளர்கள் அல்லர். ஒரே வகுப்பில் படித்த ஐந்து பேர். 2011ஆம் ஆண்டிலிருந்து மாதத்தில் ஒரு நாள் கூடி, எழுதியதை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டி, சண்டை பிடித்து, தேநீர் குடித்துக் கலைந்து வருகிறோம். முதலில் எங்களில் ஒருத்தியின் வீட்டு விறாந்தையில் கூடினோம். இப்போது இருவர் மட்டுமே யாழ்ப்பாணத்தில் இருக்கிறோம். ஒருத்தி மட்டக்களப்பில், ஒருத்தி இலண்டனில், ஒருத்தி ரொறன்ரோவில். ஆகவே கைத்தொலைபேசித் திரைதான் விறாந்தை. இங்கே மாலை 6 மணியாகும்போது, கோடைகாலத்தில், இலண்டனில் பிற்பகல் 1.30, ரொறன்ரோவில் காலை 8.30. ஒருத்தி விளக்கேற்றிவிட்டு வருவாள். இன்னொருத்தி கோப்பிக் கோப்பையோடு கொட்டாவி விட்டபடி வருவாள். இந்த உரையை ஐவரும் சேர்ந்துதான் எழுதினோம். அதனால் இதில் 'நான்' என்ற சொல் வராது.

எங்கள் கதை ஒரு குடையில் தொடங்குகிறது. எட்டாம் வகுப்பில் 'ஒரு குடையின் சுயசரிதை' என்று தமிழ்ப் பாடத்துக்குக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நம் எல்லோருக்கும் தெரிந்த தலைப்பு. குடை இல்லாவிட்டால் ஐந்து ரூபாய் நாணயம், நாணயம் இல்லாவிட்டால் பழைய கதிரை. கொப்பிகள் அரிதாகக் கிடைத்த காலம். ஒரு பக்கத்துக்குள் முடிக்க வேண்டும். எங்களில் ஒருத்தி எழுதிய குடை, பெரிய கடையில் வாங்கப்பட்டு, ஒரு வீட்டு விறாந்தை ஆணியில் தொங்கியது. உள்ளே அறையில் அந்த வீட்டு மூத்த மகளின் சீதனத்தைப் பற்றித் தாயும் தகப்பனும் வாக்குவாதப்பட்டார்கள். அதைக் கேட்டுக் குடை கண்ணீர் வடித்தது. எங்களுக்கெல்லாம் அது மிக நல்ல கட்டுரையாகப் பட்டது. 20க்கு 18 வரும் என்று எதிர்பார்த்தோம். 14 வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஆசிரியை எழுதியிருந்தார்: "குடை விறாந்தை ஆணியில் தொங்குகிறது. அறைக்குள் கதைத்தது குடைக்கு எப்படித் தெரியும்?"

அந்த வருடம் முழுவதும் எங்கள் வகுப்பில் அது பகிடியாக இருந்தது. யாராவது தனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னால், "குடைக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்போம். எழுதியவளுக்கு 'குடை' என்றே பெயர் விழுந்தது. இன்றும் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறோம். அந்தக் கேள்வி பகிடிக்குரியதல்ல என்று விளங்க எங்களுக்கு ஏறத்தாழ இருபது வருடங்கள் பிடித்தன. அது எப்படி விளங்கியது என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறோம்.

முதலில் ஒரு சிறு வரலாறு. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படும் சித்திலெவ்வையின் 'அசன்பேயுடைய கதை' 1885இல் வெளிவந்தது. அதன் கதாநாயகன் எகிப்தில் பிறந்தவன். 1914இல் மங்களநாயகம் தம்பையா 'நொறுங்குண்ட இருதயம்' என்ற நாவலை எழுதினார். அது யாழ்ப்பாணத்து வீட்டுக்குள், ஒரு பெண்ணின் மணவாழ்க்கைக்குள் வந்துவிட்டது. இலக்கிய வரலாறு படிக்கும் மாணவிகள் இந்த இரண்டு ஆண்டுகளையும் பரீட்சைக்காக மனப்பாடம் செய்வார்கள். எழுத முயல்கிறவர்களுக்கு அந்த 29 ஆண்டுகளுக்கு வேறொரு அர்த்தமும் உண்டு. எகிப்தைப் பற்றி எழுதினால் அங்கிருந்து எவரும் வந்து, "ஏன் என்னைப் பற்றி எழுதினாய்?" என்று கேட்கப் போவதில்லை. யாழ்ப்பாணத்து வீட்டுக்குள் நடப்பதை எழுதினால் பக்கத்து வளவுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிக் கேட்பார். தூரத்தில் உள்ளதை எழுத அறிவு வேண்டும். பக்கத்தில் உள்ளதை எழுத அறிவோடு துணிவும் வேண்டும். மங்களநாயகத்துக்கு அந்தத் துணிவு இருந்தது.

எங்களுக்கும் துணிவு இருக்கிறது என்று நாங்கள் நம்பினோம். ஆனால் துணிவு யாருடைய செலவில் என்று யோசிக்கவில்லை.

எங்கள் வட்டத்தின் ஆரம்ப வருடங்களில் நாங்கள் எல்லோரும் ஒரே இரவைத்தான் திரும்பத் திரும்ப எழுதினோம். 1995 ஒக்ரோபர் 30. அந்த இரவைப் பற்றி இந்த மண்டபத்தில் பலருக்கு விளக்கத் தேவையில்லை. தங்கைமாருக்காகச் சொல்கிறோம்: வலிகாமத்தை விட்டு உடனே வெளியேறும்படி அறிவித்தார்கள், ஓரிரவில் இலட்சக்கணக்கானோர் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். மழை. செம்மணி வீதியிலும் நாவற்குழிப் பாலத்திலும் அடி எடுத்து வைக்க இடமில்லாத சனம். நாங்கள் ஐவரும் அந்தச் சனத்துக்குள் வெவ்வேறு இடங்களில் நடந்தோம். அப்போது எங்களுக்குப் பதினாறு வயது.

அந்த இரவை எழுதுவதில் எங்களுக்கு வந்த முதலாவது சிரமம் ஞாபகம். நடந்ததை நேரில் கண்டவர்கள் நாங்கள். ஆனாலும் பிழை விட்டோம். ஒருத்தி தன் கதையில் 1995இல் ஒரு வீட்டின் மின்விசிறி சுழல்வதாக எழுதினாள். 1990இலிருந்தே எங்களுக்கு மின்சாரம் கிடையாது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சில துளி மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில்தான் படித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். சவர்க்காரம் இல்லாதபோது பனங்காயில் உடுப்புத் தோய்த்தோம். இதெல்லாம் தெரிந்த ஒருத்தியின் கதையில் எப்படி மின்விசிறி வந்தது? கொழும்பில் இருந்துகொண்டு அந்தக் கதையை எழுதினாள். தலைக்கு மேலே மின்விசிறி சுழன்றது. அன்றிலிருந்து எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கதையை வாசித்து முடித்ததும், முதலில் அதில் வரும் பொருட்களை எண்ணுவோம். வெளிச்சம் எங்கிருந்து வந்தது? தண்ணீரை யார் அள்ளினார்கள்? அடுப்புக்கு விறகு இருந்ததா? உணர்ச்சியைப் பற்றி அதன் பிறகுதான் கதைப்போம்.

இரண்டாவது சிரமம் மொழி. யாழ்ப்பாணத்தில் ஒருவரை முன்னிலையில் அழைக்க மூன்று படிகள் இருக்கின்றன: நீ, நீர், நீங்கள். கணவன் மனைவியை 'நீர்' என்பதும், ஒத்த வயதினர் ஓரளவு மரியாதையோடு 'நீர்' என்பதும் நாம் வீட்டிலே கேட்டு வளர்ந்தது. கதை எழுதுகிறவருக்கு இது பெரிய முதுசம். 'நீர்' என்று கதைத்துக்கொண்டிருந்த மனிதர் ஒரு நாள் மனைவியிடம் 'நீங்கள்' என்றால், அந்த வீட்டில் ஏதோ உடைந்துவிட்டது என்று தெரியும். அதற்குமேல் ஒரு பந்தி விளக்கம் தேவையில்லை.

1960களின் தொடக்கத்தில் இங்கே ஒரு பெரிய வாதம் நடந்தது. கதைகளில் பேச்சுத் தமிழை எழுதலாமா, அது இழிசனர் வழக்கு அல்லவா என்று மரபுவாதிகள் கேட்டார்கள். முற்போக்கு எழுத்தாளர்கள் எதிர்த்து நின்று எழுதினார்கள். அந்த வாதத்தில் அவர்கள் வென்றதால்தான் எங்கள் பாத்திரங்கள் தங்கள் வாயால் பேசுகின்றன. எங்களுக்கு வந்தது வேறு வகைச் சிக்கல். ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் தோழியின் மகள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். எங்கள் கதை ஒன்றில் "நீர் எப்ப வந்தனீர்?" என்ற வரியை வாசித்துவிட்டு, "அம்மா, ஏன் தண்ணியிட்டைக் கேக்கினம்?" என்று கேட்டாள். சிரித்து முடிய எங்களுக்குக் கவலை வந்தது. அடியில் சொல்விளக்கம் போடுவோமா, எல்லோருக்கும் பொதுவான தமிழுக்கு மாற்றுவோமா என்று இரண்டு கூட்டங்கள் வாதாடினோம். கடைசியில் அந்த வரியை அப்படியே விட்டு, அடுத்த வரியில் கேட்கப்பட்டவரைப் பதில் சொல்ல வைத்தோம். பிள்ளை மறுபடி வாசித்தாள். விளங்கிவிட்டது. ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் அதைப் பேசும் ஆளை ஒழுங்காக நிறுத்தினால், வாசகர் சொல்லைப் பிடித்துக்கொள்வார் என்று கண்டுகொண்டோம்.

இவையெல்லாம் உழைத்தால் தீரும் சிரமங்கள். மூன்றாவது அப்படியல்ல. அதைச் சொல்ல எங்களுக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் குடும்பம் 1995இல் வெளியேறியபோது, அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு போக முடியவில்லை. அவரால் நடக்க இயலாது. வாகனம் கிடைக்கவில்லை. இருந்த ஒரு சைக்கிளில் கடைசிப் பிள்ளையும் அரிசியும் மூட்டையும். தோழியின் அம்மா, தன் தாயை வீட்டில் விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு நடந்தார். 1996இல் சனம் ஊர் திரும்பியபோது அம்மம்மா உயிரோடு இல்லை. ஊரையும் சில உறவுமுறைகளையும் இங்கே மாற்றியிருக்கிறோம். தயவுசெய்து யாரென்று ஊகிக்க வேண்டாம். ஊகித்தால் பிழைப்பீர்கள். இந்த உரையை முன்கூட்டியே தோழிக்கு அனுப்பினோம். இரண்டு இடங்களில் வெட்டினாள். வெட்டியபடியே வாசிக்கிறோம்.

இதை 2013இல் கதையாக எழுதினோம். ஒருத்தி எழுதினாள், நால்வர் திருத்தினோம், ஆகவே ஐவருடைய கதை. பெயர்களை மாற்றினோம். அதோடு எங்கள் கடமை முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் கதை உயிரோடு இருக்க வேண்டும் என்று, அந்த வீட்டின் சரிந்த படலையை அப்படியே வைத்தோம். கிணற்றடித் தேசிமரத்தையும் வைத்தோம். கதையின் உச்சத்தில், மகள் தாயின் காலில் விழுந்து அழுகிறாள். தாய் தன் தோட்டைக் கழற்றிக் கையில் வைத்து, "போட்டு வா பிள்ளை" என்று ஆசீர்வதிக்கிறாள். ஒரு சஞ்சிகையில் அது வெளிவந்தது. வாசித்தவர்கள் கண்ணீர் வந்ததாகச் சொன்னார்கள். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு மாதங்களின் பின் தோழி தொலைபேசி எடுத்தாள். ஏசவில்லை. "அம்மா இப்ப கோயிலுக்கும் போறேல்லையடி" என்றாள். நடந்தது இதுதான். ஒரு கலியாண வீட்டில், தேசிமரத்தை வைத்து ஆளை அடையாளம் கண்ட யாரோ ஒருவர், தோழியின் அம்மாவிடம், "உங்கட கதை புத்தகத்திலை வந்திருக்காம். தாயை விட்டிட்டு வந்தனீங்களாமே" என்று கேட்டிருக்கிறார். பதினெட்டு வருடங்களாக அந்த ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். ஒருவரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது எங்கள் சனம் ஒருவருக்கொருவர் செய்த பெரிய உபகாரம். அதை நாங்கள் ஒரு கதையால் குலைத்தோம்.

எங்களில் மூவர் அவரைப் பார்க்கப் போனோம். கையில் ஒரு பை தோடம்பழம். வாசலில் நிற்கக் கால் கூசியது. அவர் எங்களை இருக்கச் சொல்லி, தேநீர் போட்டுத் தந்தார். மேசையில் பத்திரிகைகளுக்கு அடியில் அந்தச் சஞ்சிகை இருந்தது. மன்னிப்புக் கேட்க நாங்கள் வாயெடுக்க முன்னரே அவர் சொன்னார்: "நல்லாத்தான் எழுதியிருக்கிறியள் பிள்ளையள். ஆனா நான் அண்டைக்கு அழேல்லை. அழுறதுக்கு நேரம் எங்க இருந்தது?"

பிறகு சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என்னட்டை ஒரு சொல் கேட்டிருக்கலாமே" என்றார்.

பிறகு, நாங்கள் கேட்காமலே, அறிவித்தல் வந்ததிலிருந்து படலையைச் சாத்தியது வரை தான் அந்த வீட்டில் என்னென்ன செய்தார் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். இருபது நிமிடமும் ஆகவில்லை. எல்லாம் சின்னச் சின்ன வேலைகள். காலில் விழுவது அதில் இல்லை. தோடு இல்லை. ஆசீர்வாதம் இல்லை. எங்கள் ஐந்து பேரின் கற்பனையையும் ஒன்றாகப் போட்டுப் பிழிந்தாலும் அந்த வேலைகளில் ஒன்றுகூட எங்களுக்குத் தோன்றியிருக்காது. சொல்லி முடித்துவிட்டு, "இதை எழுதிப்போடாதேங்கோ" என்றார். நாங்கள் எழுதவில்லை. இங்கேயும் சொல்லப் போவதில்லை.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் மூவரும் ஒன்றும் கதைக்கவில்லை. இறங்கும் இடம் வந்தபோதுதான் 'குடை' வாய் திறந்தாள். "நாங்கள் விறாந்தையிலை தொங்கினம். அறைக்குள்ளை நடந்ததை எழுதினம்" என்றாள்.

அடுத்த கூட்டத்துக்கு எங்கள் கதைகள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துப் பார்த்தோம். அதுவரை 11 கதைகள் எழுதியிருந்தோம். 9 கதைகளில் யாரோ ஒருவர் அழுதார். ஒவ்வோர் இடமாகப் பார்த்தோம். அந்தப் பாத்திரம் அந்த நேரத்தில் உண்மையில் என்ன செய்திருக்கும் என்று எங்களுக்குத் தெரியாத இடத்தில்தான் அழுகை வந்திருந்தது. தெரியாமையை மூட நாங்கள் கண்ணீரைப் பாவித்திருக்கிறோம். ஆகவே ஒரு சிறிய சட்டம் வைத்தோம். ஒரு பாத்திரம் அழப் போனால் நிறுத்தி, "இப்போது அவளுடைய கை என்ன செய்கிறது?" என்று கேட்பது. கை செய்வது தெரியாவிட்டால், அந்த இடத்தை எழுத எங்களுக்கு இன்னும் உரிமை வரவில்லை.

அந்தச் சஞ்சிகைக் கதையை எங்கள் தொகுப்பில் சேர்க்கவில்லை. ஆனால் அதன் உள்ளே ஒரு கேள்வி கிடந்து எங்களை விடவில்லை. கூட்டிக்கொண்டு போக முடியாத ஒருவரை விட்டுப் போகிறபோது, போகிறவர் கடைசியாகச் செய்யும் வேலை என்ன? இந்தக் கேள்வி ஒரு குடும்பத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல. இந்த மண்டபத்தில் இருக்கும் எத்தனையோ பேர் விமான நிலையத்துக்குப் புறப்படும் காலைகளில் இதைச் சந்தித்திருக்கிறோம். கேள்வியை வைத்துக்கொண்டு, ஆளையும் காலத்தையும் இடத்தையும் முற்றாக மாற்றுவது என்று தீர்மானித்தோம். பெயரை மாற்றுவது மறைப்பு மாத்திரமே. எல்லாவற்றையும் மாற்றும்போதுதான் எங்களுக்குப் பதில் தெரியாமல் போகிறது. தெரியாமல் போனால்தான் தேட வேண்டி வருகிறது.

புதிய கதை 2018இல் நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து மூன்று வார விடுமுறையில் வந்த ஒரு மகள், தனித்துப்போன தகப்பனை முதியோர் இல்லத்தில் சேர்க்கிறாள். முதல் வரைவை மகளின் பக்கத்திலிருந்து எழுதினோம். அவள் பக்கம் பக்கமாகத் தன் நியாயத்தைச் சொன்னாள், சலிப்பாக இருந்தது. இரண்டாவது வரைவைத் தகப்பனின் பக்கத்திலிருந்து எழுதினோம். அவர் ஒன்றும் சொல்லாமலே மகளைக் குற்றவாளி ஆக்கினார். இரண்டுமே எங்களுக்குத் தெரிந்த பதில்கள். ஆறுமாதம் கதை படுத்துவிட்டது.

அந்த இடைவெளியில் இங்கிருப்பவர்கள் இருவர் முதியோர் இல்லங்களுக்குச் சும்மா போய் இருந்துவிட்டு வந்தார்கள். இந்த முறை கேட்டுவிட்டுப் போனார்கள். கொப்பி கொண்டு போகவில்லை. அங்கேதான் ஒன்று கண்டோம். உடுப்புகளைச் சேர்த்துத் தோய்ப்பதால் மாறிப் போகாமலிருக்க, ஒவ்வொருவருடைய சாரத்தின் ஓரத்திலும் சட்டைக் கழுத்திலும் நூலால் பெயர் தைத்திருந்தது. கதைக்கு வேண்டிய ஆள் அப்போதுதான் கிடைத்தார். மகளும் அல்ல, தகப்பனும் அல்ல. புதிதாக வருபவரின் உடுப்புக்குப் பெயர் தைக்கும் பெண். அவருக்கு இந்தக் குடும்பத்தின் பழைய கதை ஒன்றும் தெரியாது. விறாந்தையில் கதிரை போட்டிருந்து தைக்கிறார். உள்ளே என்ன கதைத்தார்கள் என்று அவருக்குக் கேட்காது. ஆனால் சிலதைக் காண்பார். மகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனது. இரண்டு முறை வெளியே வந்து, படியில் நின்று, செருப்பைப் போடாமலே திரும்பிப் போனது. தகப்பனின் சின்ன வானொலியை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அவர் வழக்கமாகக் கேட்கும் நிலையம் இருக்கும் இடத்தில் சிவப்புக் கியூட்டெக்ஸால் ஒரு பொட்டு வைத்தது. அது காயும் வரை ஊதியது. கடைசியில் வாசலில், எப்போதும் மகளை 'நீ' என்று கூப்பிட்ட தகப்பன், "சரி, நீங்கள் வெளிக்கிடுங்கோ" என்றது.

பெயர் தைக்கும் பெண் அதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. அவருக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லாமல் விட்டபோது கதையில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது. அந்த இடத்தில் வாசிப்பவர்கள் தங்கள் தகப்பனை, தங்கள் தாயைக் கொண்டுவந்து இருத்தினார்கள். பதினான்கு மாதங்கள், ஆறு வரைவுகள். எங்கள் ஆசிரியை எட்டாம் வகுப்பில் குடையிடம் கேட்ட கேள்விக்கு எங்களால் முடிந்த பதில் அது. ஆணியில் தொங்கும் குடைக்கு அறைக்குள் கதைத்தது கேட்காது. ஆனால் யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார்கள், யார் நனைந்து வந்தார்கள் என்று அதற்குத் தெரியும். அதைச் சரியாகச் சொன்னால் போதும்.

அந்தக் கதையை அச்சுக்குக் கொடுக்க முன் தோழியின் அம்மாவிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "இது ஆற்றை கதை?" என்றார். "ஒருத்தற்றையும் இல்லை அம்மா" என்றோம். "இல்லையில்லை, ஆற்றையோதான்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த திருவிழாவில் அவரைக் கோயில் வீதியில் கண்டதாகச் சொன்னார்கள். அதற்கும் எங்கள் கதைக்கும் சம்பந்தம் உண்டு என்று நாங்கள் உரிமை கொண்டாடவில்லை. செய்த கெடுதல் செய்ததுதான். ஒரு நல்ல கதை ஒரு கெட்ட கதையை அழிக்காது.

அவர் இரண்டு வருடங்களுக்கு முன் காலமானார். எட்டுச் செலவு முடிந்த பிறகு தோழி எங்களிடம் கேட்டாள்: "அம்மா அண்டைக்கு உங்களுக்கு என்ன சொன்னவ? எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை." நாங்கள் ஐவரும் ஒரு கிழமை யோசித்தோம். எழுத வேண்டாம் என்றுதான் அவர் சொன்னவர். சொல்ல வேண்டாம் என்று சொல்லவில்லை. அது எங்களுடைய சரக்கு அல்ல, அவளுடைய முதுசம். தொலைபேசியில் சொன்னோம், அவர் சொன்ன ஒழுங்கிலேயே, எங்கள் சொல் ஒன்றும் சேர்க்காமல். மறுமுனையில் நெடுநேரம் சத்தமில்லை. பிறகு, "இதை எழுதியிருந்தா எவ்வளவு நல்லாயிருந்திருக்கும்" என்றாள். இன்னும் சிறிது நேரத்தால், "வேண்டாம். எனக்குத் தெரிஞ்சா காணும்" என்றாள்.

தங்கைமாரே, கதை எழுதுவது எப்படி என்று கேட்டு வந்த உங்களுக்கு, எழுதாமல் விட்ட ஒன்றைப் பற்றியே அதிகம் சொல்லிவிட்டோம் போலிருக்கிறது. பரவாயில்லை. ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள். கேட்க முடியாவிட்டால், அடையாளம் தெரியாதபடி எல்லாவற்றையும் மாற்றுங்கள். மாற்றினால் கதை செத்துவிடுகிறது என்றால், அது இன்னும் கதையாகவில்லை. இன்னொருவருடைய வாழ்க்கையாகவே இருக்கிறது. அதை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சிவப்பு மையில் அந்தக் கேள்வியை எழுதிய ஆசிரியை இன்று முன்வரிசையில் இருக்கிறார். காலையில் அவரிடம் போய்க் குடையைப் பற்றிச் சொன்னோம். அவருக்கு அது ஞாபகமே இல்லை. "நானா எழுதினன்?" என்று கேட்டுவிட்டு, "14 கொஞ்சம் குறைவுதான்" என்றார். முப்பது வருடங்களுக்குப் பிறகு கிடைத்த அந்த மதிப்பெண்ணை 'குடை' மிகுந்த மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டாள்.

எங்கள் வட்டத்தில் இன்னும் இடம் இருக்கிறது. மாதத்தின் முதலாவது ஞாயிற்றுக்கிழமை, இலங்கை நேரம் மாலை 6 மணி. எந்த நாட்டில் இருந்தாலும் வரலாம். முடித்த கதை வேண்டாம். முடிக்கத் தெரியாமல் வைத்திருக்கும் கதையைக் கொண்டு வாருங்கள். முதலில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்போம். பிறகு குடைக்கு எப்படித் தெரியும் என்று கேட்போம்.